மேற்கு நாடுகளில் நடக்கும் சீனப் படவிழாக்கள்: யார் நடத்துகிறார்கள், எதற்குப் போகலாம்?

இத்தாலியில் படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "இங்கே வருடத்துக்கு ஒருமுறையாவது பக்கத்து ஊர் ஏதோ ஒன்றில் சீனத் திரைப்பட விழா நடக்கிறது. சிலவற்றுக்கு அனுமதி இலவசம், சிலவற்றுக்கு டிக்கெட் விலை அதிகம். இவற்றை யார் நடத்துகிறார்கள்? எல்லாமே சீன அரசின் விளம்பரம்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போனால் உருப்படியாக ஏதாவது பார்க்கக் கிடைக்குமா?"

கண்டிப்பாகக் கிடைக்கும். ஆனால் எந்த விழாவுக்குப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் பார்க்கும் சீனா வேறாக இருக்கும். தூதரகம் நடத்துவது, திரைப்பட ஆவணக் காப்பகங்கள் நடத்துவது, சினிமாப் பைத்தியங்கள் நடத்துவது, நாட்டைவிட்டு வெளியேறிய சீனர்கள் நடத்துவது என்று எல்லாவற்றுக்கும் 'சீனப் படவிழா' என்றே பெயர். பெயரை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது.

அடையாளம் காண ஒரு சுலபமான வழி இருக்கிறது. படம் தொடங்கும் முதல் சில நொடிகளைக் கவனியுங்கள். பச்சைப் பின்னணியில் பொன்னிறத்தில் ஒரு டிராகன் தலையும் அதோடு ஒரு அனுமதி எண்ணும் வந்தால், அந்தப் படம் சீன அரசின் தணிக்கையைத் தாண்டி வந்திருக்கிறது. சீனத் திரைத்துறையில் இதை டிராகன் முத்திரை என்பார்கள். நம் ஊர்ப் படங்களுக்கு முன்னால் வரும் சென்சார் சான்றிதழும் இதுவும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. நம்முடையது யு, யு/ஏ, ஏ என்று வயதுவாரியாகப் பிரிக்கும். சீனாவில் வயதுப் பிரிவு என்பதே கிடையாது. ஒரு படத்தை எல்லாரும் பார்க்கலாம், இல்லையென்றால் யாருமே பார்க்க முடியாது. அதனால் முத்திரை கிடைக்காத படம் சட்டத்தின் கண்ணில் இல்லாத படம்.

2017 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கும் திரைப்படத் துறை ஊக்குவிப்புச் சட்டம் இதை வெளிநாட்டு விழாக்களுக்கும் சேர்த்தே எழுதிவைத்திருக்கிறது. திரையிடல் அனுமதி பெற்ற படம்தான் வெளிநாட்டு விழாவுக்குப் போகலாம். அதுவும் போவதற்கு முன் அதிகாரிகளிடம் பதிவு செய்ய வேண்டும். அனுமதி இல்லாத படத்தை விழாவுக்குக் கொடுத்தால் தண்டனை உண்டு. அடுத்த ஆண்டே, 2018 மார்ச்சில், திரைப்பட நிர்வாகம் கம்யூனிஸ்ட் கட்சியின் பிரசாரத் துறையின் கீழ் நேரடியாக வந்துவிட்டது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டால் கடந்த சில ஆண்டுகளில் விழாக்களில் நடந்த பல விஷயங்களுக்குக் காரணம் புரியும்.

2019 பெர்லின் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். சீனாவின் புகழ்பெற்ற இயக்குநர் ஜாங் யீமோவின் 'ஒன் செகண்ட்' போட்டிப் பிரிவில் அறிவிக்கப்பட்டிருந்தது. கலாசாரப் புரட்சிக் காலத்தில் (1966 முதல் 1976 வரை மாவோ நடத்திய அரசியல் களையெடுப்பு) உழைப்பு முகாமிலிருந்து தப்பி வரும் ஒருவன், படத்துக்கு முன்னால் காட்டும் செய்திச் சுருள் ஒன்றில் ஒரு நொடி மட்டும் தெரியும் தன் மகளைப் பார்க்க அலைகிற கதை. விழா நடந்துகொண்டிருக்கும்போதே 'தொழில்நுட்பக் காரணம்' என்று சொல்லிப் படம் விலக்கிக்கொள்ளப்பட்டது. இத்தனைக்கும் அவர் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸின் தொடக்க விழாவை இயக்கியவர். அவருக்கே அந்த நிலை. அதே பெர்லினில் இளையோர் பிரிவுக்குத் தேர்வாகியிருந்த 'பெட்டர் டேஸ்' படமும் வரவில்லை. பள்ளிக்கூட வன்கொடுமையைப் பற்றிய படம் அது. சீனாவில் ஜூன் மாதம் வர வேண்டிய வெளியீடும் கடைசி நேரத்தில் ரத்தானது. அக்டோபரில் திடீரென்று வெளிவந்து 150 கோடி யுவானுக்கு மேல் வசூலித்தது. அடுத்த ஆண்டு இத்தாலியின் ஊதினே விழாவில் முதல் பரிசு வாங்கியது, அதன்பிறகு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. ஒரே படம்தான். ஒரு விழாவில் வாசலிலேயே நின்றுவிட்டது, இன்னொரு விழாவில் மாலை வாங்கியது. நடுவில் மாறியது முத்திரை மட்டும்.

இப்போது நடத்துகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது காப்பகங்களின் கதை என்பதால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1970-களின் நடுவில் மார்கோ முல்லர் என்ற இத்தாலிய இளைஞர் சீனாவில் படிக்கப் போனார். கலாசாரப் புரட்சி முடியும் தறுவாய். அதற்கு முந்தைய காலப் படங்கள் பெரும்பாலும் அங்கே பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தன. பிறகு அவர் முன்னின்று 1982-ல் இத்தாலியின் டூரின் நகரில், பழைய சீனப் படங்களைத் திரட்டிக் காட்டும் ஒரு பெரிய பின்னோக்கு விழா நடந்தது. 'மின் நிழல்கள்' என்று அதற்குப் பெயர். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். 1930-களின் ஷாங்காய் மௌனப் படங்களிலிருந்து புரட்சிக்குப் பிந்தைய ஸ்டுடியோ படங்கள்வரை ஐரோப்பியர்கள் ஒரே இடத்தில் பார்த்தார்கள். சீனாவில் சினிமா என்று ஒன்று தனியாக வளர்ந்திருக்கிறது, அதற்கென்று நட்சத்திரங்களும் இயக்குநர்களும் பாணிகளும் இருந்திருக்கின்றன என்பது மேற்கில் பலருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டு ஆண்டு கழித்து பாரிஸின் பாம்பிடூ மையம் அதே அளவுக்குப் பெரிய விழா ஒன்றைத் தொடங்கி, 1985 வரை மாதக்கணக்கில் நடத்தியது. முல்லர் பின்னாளில் ரோட்டர்டாம், லொகார்னோ, வெனிஸ் விழாக்களின் இயக்குநரானார். சீனப் படங்கள் ஐரோப்பாவில் அடுத்தடுத்துப் பரிசு வாங்கியதில் அவருடைய பங்கு கணிசமானது. 2006-ல் சீன இயக்குநர் ஜியா ஜாங்கவின் 'ஸ்டில் லைஃப்' வெனிஸில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வென்றபோது விழாவின் இயக்குநர் அவர்தான்.

காப்பகங்களின் வேலை திரையிடுவதோடு நிற்பதில்லை, தொலைந்ததை மீட்பதும் அவர்கள்தான். 1927-ல் ஷாங்காயில் எடுக்கப்பட்ட 'சிலந்திக் குகை' என்ற மௌனப் படம், குரங்கு அரசன் கதையிலிருந்து வந்தது. சீனாவில் அதன் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பல பத்தாண்டுகள் கழித்து நார்வேயின் தேசிய நூலகத்தில் ஒரு பிரதி கிடைத்தது. 1929-ல் ஆஸ்லோவில் அந்தப் படம் ஓடியிருக்கிறது. நார்வேயில் திரையிடப்பட்ட முதல் சீனப் படமே அதுதான். அப்போது போன பிரதி அங்கேயே தங்கிவிட்டது. அதைச் செப்பனிட்டு 2014-ல் சீனத் திரைப்படக் காப்பகத்துக்குக் கொடுத்தார்கள். தமிழின் முதல் மௌனப் படமான 'கீசக வதம்' இன்று ஒரு சுருள்கூட இல்லை என்பதை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் அருமை தெரியும்.

2013-ல் டொராண்டோவிலும் 2014-ல் லண்டனிலும் 'சீன சினிமாவின் ஒரு நூற்றாண்டு' என்ற தலைப்பில் நீண்ட தொடர்கள் நடந்தன. அந்த 2014 அக்டோபரில் லண்டன் திரைப்பட விழாவில், ருவான் லிங்யு நடித்த 1934-ஆம் ஆண்டின் 'தி காடெஸ்' படத்தைப் புதிதாக எழுதப்பட்ட இசையோடு, மேடையில் இசைக்குழு வாசிக்கத் திரையிட்டார்கள். இப்படிப்பட்ட நிகழ்ச்சி உங்கள் ஊருக்கு வந்தால் யோசிக்காமல் போங்கள். ருவான் லிங்யு இருபத்து நான்கு வயதில் தற்கொலை செய்துகொண்டவர். பாலியல் தொழில் செய்து மகனைப் படிக்கவைக்கும் ஒரு தாயாக இந்தப் படத்தில் அவர் முகத்தில் ஓடும் உணர்ச்சிகளை ஒரு வசனமும் இல்லாமல் புரிந்துகொள்ளலாம். மௌனப் படம் என்றால் தூக்கம் வரும் என்று நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது பொதுவான விழாக்கள். இவை சீனாவுக்கென்று தனியாக நடப்பவை அல்ல, ஆனாலும் சீன சினிமாவின் போக்கை மாற்றியவை இவைதான். பெய்ஜிங் திரைப்படக் கல்லூரியில் 1978-ல் சேர்ந்து 1982-ல் வெளியே வந்த வகுப்பில்தான் சென் கைகே, ஜாங் யீமோ, தியான் ஜுவாங்ஜுவாங் எல்லாரும் இருந்தார்கள். சென் கைகே இயக்கி, ஜாங் யீமோ ஒளிப்பதிவு செய்த 'யெல்லோ எர்த்' 1985-ல் முதலில் ஹாங்காங் விழாவிலும் பிறகு சுவிட்சர்லாந்தின் லொகார்னோவிலும் பேசப்பட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1988-ல் ஜாங் யீமோவின் 'ரெட் சோர்கம்' பெர்லினில் முதல் பரிசான தங்கக் கரடி வாங்கியது. 1993-ல் சென் கைகேயின் 'ஃபேர்வெல் மை கான்குபைன்' கான் விழாவில் முதல் பரிசான தங்கப் பனை வாங்கியது.

இந்தப் படங்கள்மீது சீனாவிலேயே ஒரு குற்றச்சாட்டு உண்டு. மேற்கத்தியர்களின் ரசனைக்காகவே சிவப்பு விளக்கும் பழைய மாளிகையும் ஒடுக்கப்பட்ட பெண்ணும் காட்டி எடுத்த படங்கள் என்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. 'யெல்லோ எர்த்' படத்தில் வரும் ஷான்சி மலைமேட்டின் வறட்சியைப் பார்த்து எந்த வெளிநாட்டுக்காரரும் சுற்றுலா கிளம்பிவிட மாட்டார். வெளிநாட்டுப் பரிசு இல்லையென்றால் அந்தத் தலைமுறையின் பாதிப் படங்கள் சொந்த நாட்டிலேயே வெளிவராமல் போயிருக்கும் என்பதுதான் என் கணிப்பு.

பிரான்சின் நாந்த் நகரில் 1979 முதல் நடக்கும் மூன்று கண்டங்களின் விழாவை இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா மட்டும்தான் அவர்களுக்குக் கணக்கு. ஜியா ஜாங்க தன் சொந்த ஊரான ஃபென்யாங்கில், தொழில்முறை நடிகர்கள் இல்லாமல், 16 எம்.எம். ஃபிலிமில் எடுத்த 'சியாவ் வூ' 1998-ல் அங்கே முதல் பரிசு வாங்கியது. ஒரு பிக்பாக்கெட் திருடனின் கதை. அனுமதி வாங்காமல் எடுத்த படம் என்பதால் சீனாவில் அவருக்குச் சிக்கல். அனுமதியோடு வந்த அவருடைய முதல் படத்துக்கு 2004 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நாந்தில் 2003-ல் வாங் பிங்கின் 'வெஸ்ட் ஆஃப் த டிராக்ஸ்' பரிசு பெற்றது. ஷென்யாங் நகரில் மூடப்படும் அரசுத் தொழிற்சாலைகளை ஒரு சின்ன டிஜிட்டல் கேமராவோடு தனி ஆளாகப் பின்தொடர்ந்த ஒன்பது மணிநேர ஆவணப்படம். தொழிலாளர்கள் குளித்துவிட்டு ஓய்வறையில் சீட்டாடுவதும், கடைசிச் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதும், பிறகு அந்தக் கட்டடங்களே இல்லாமல் போவதும் நம் கண்முன்னே நடக்கும். ஒன்பது மணிநேரம் என்றால் மலைப்பாகத்தான் இருக்கும். விழாவில் இடைவேளை விட்டுத் திரையிடுவார்கள், அங்கே பார்ப்பதுதான் நல்லது. வீட்டில் உட்கார்ந்து இதை முடிப்பவர்கள் குறைவு.

தூதரக விழாக்களைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. சீனக் கலாசார மையங்கள், சீன மொழி கற்பிக்கச் சீன அரசின் ஆதரவில் சில பல்கலைக்கழகங்களில் இருந்த கன்ஃபூசியஸ் மையங்கள், சீன அரசின் திரைப்பட அமைப்புகள் இவற்றின் ஆதரவில் நடப்பவை. பெரும்பாலும் அனுமதி இலவசம். சிவப்புக் கம்பளம், தூதரின் உரை, நடிகர் குழு என்று இருக்கும். டிராகன் முத்திரை இல்லாத எதுவும் வராது. அதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. உங்கள் நண்பர்கள் சொல்வதில் பாதி உண்மைதான்: தேர்வு அரசுடையது, ஆனால் படங்கள் எல்லாமே பிரசாரம் கிடையாது. சீனாவின் நடுத்தரக் குடும்பம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது, எதற்கு அழுகிறது என்பது அந்த வெகுஜனப் படங்களில்தான் தெரியும். ஒரு காலத்தில் வெளிநாட்டில் படிக்கும் சீன மாணவர்களுக்கு இந்த விழாக்கள்தான் கதி. 2010-க்குப் பிறகு சீனப் படங்கள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஏறக்குறைய சீனாவில் வெளியாகும் நாளிலேயே சாதாரண மல்டிபிளெக்ஸ்களில் வர ஆரம்பித்துவிட்டன. அதனால் அரசு விழாக்களின் தேவை குறைந்து, சடங்கு கூடியிருக்கிறது.

நீங்கள் இத்தாலியில் இருப்பதால் கட்டாயம் போக வேண்டியது ஊதினே. வடகிழக்கு மூலையில், ஸ்லோவேனிய எல்லைக்கு அருகில் இருக்கும் சின்ன ஊர். அங்கே 1998-ல் ஒரு திரைப்படச் சங்கம் ஹாங்காங் படங்களுக்கு மட்டும் ஒரு விழா நடத்தியது. கூட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் அது தூரக்கிழக்குத் திரைப்பட விழாவாக மாறி, இன்றுவரை ஏப்ரல் கடைசியில் நடந்துவருகிறது. சீனா, ஹாங்காங், தைவான், கொரியா, ஜப்பான் என்று எல்லாம் உண்டு.

இந்த விழாவின் தனித்தன்மை என்னவென்றால், ஆரம்பத்திலிருந்தே இவர்கள் கலைப்படத்தைத் தேடவில்லை. ஆசியாவில் மக்கள் காசு கொடுத்துப் பார்க்கும் படம் எதுவோ அதைக் கொண்டுவந்தார்கள். அடிதடி, பேய், காதல், சிரிப்பு எல்லாம். மற்ற ஐரோப்பிய விழாக்கள் ஆசியப் படம் என்றால் மெதுவாக நகரும் சோகம் என்று எண்ணிக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். சுமார் 1200 பேர் அமரும் நகர அரங்கத்தில் காலையிலிருந்து நள்ளிரவுவரை படங்கள் ஓடும். முதன்மைப் பரிசை நடுவர் குழு முடிவு செய்வதில்லை. படம் பார்த்தவர்கள் வாக்களிக்கிறார்கள், அதிக மதிப்பெண் வாங்கிய படத்துக்குத் 'தங்க மல்பெரி'. மல்பெரி மரம் என்பதற்கும் காரணம் இருக்கிறது. ஊதினே இருக்கும் ஃப்ரியூலி வட்டாரத்தில் முன்பு வீட்டுக்கு வீடு பட்டுப்புழு வளர்த்தார்கள். சீனாவிலிருந்து வந்த பட்டு சீனாவையும் ஃப்ரியூலியையும் இணைக்கும் நூல். 2015-ல் ஜாக்கி சான், 2024-ல் ஜாங் யீமோ இருவரும் அங்கே வாழ்நாள் சாதனைக்கான மல்பெரியை வாங்கியிருக்கிறார்கள். ஊரே சிறியது என்பதால் மதியம் மேடையில் பார்த்த இயக்குநரை மாலையில் காபிக் கடையில் பார்க்கலாம். மிலானிலிருந்து வெனிஸ் மெஸ்த்ரே வழியாக ரயிலில் போய்விடலாம். தங்குமிடத்தை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

கடைசியாகச் சொல்ல வேண்டிய வகை, முத்திரை இல்லாத படங்களுக்கான விழாக்கள். இங்கேதான் விஷயம் கனமாகிறது.

சீனாவுக்குள்ளேயே 2000-களில் சுயாதீனப் பட விழாக்கள் (அரசையும் பெரிய நிறுவனங்களையும் சாராமல் எடுத்த படங்களுக்கானவை) இருந்தன. நான்ஜிங்கில் ஒன்று, யுன்னானில் ஒன்று, பெய்ஜிங்கின் புறநகரில் ஒன்று. அனுமதி கேட்காமல் எடுத்த ஆவணப்படங்களை ஓவியர்களின் கூடங்களிலும் வீடுகளிலும் காட்டினார்கள். 2013-ல் யுன்னான் விழா நின்றது. 2014 ஆகஸ்டில் பெய்ஜிங் சுயாதீன விழாவைப் போலீஸ் மூடியதோடு, அமைப்பாளர்களின் அலுவலகத்தில் இருந்த படங்களின் சேகரிப்பையும் எடுத்துக்கொண்டு போனது. 2020 தொடக்கத்தில் நான்ஜிங்கும் கடையைக் கட்டியது. ஆக, இந்தப் படங்களைப் பெரிய திரையில் பார்க்க இடம் வெளிநாடு மட்டும்தான் என்றாகிவிட்டது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சீனச் சுயாதீனத் திரைப்படக் காப்பகம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். படங்களோடு அந்த விழாக்களின் சுவரொட்டி, கையேடு, நேர்காணல் எல்லாம் சேர்க்கிறார்கள். அபகரிக்கப்பட்ட ஒரு காலத்தை மறுபடி திரட்டும் வேலை இது. என்னைக் கேட்டால், மேற்கில் இன்று சீன சினிமாவுக்காக நடக்கும் வேலைகளில் இதுவே தலையாயது.

வெளிநாடு என்றால் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். 2009-ல் மெல்போர்ன் விழா, சீனாவின் மேற்குப் பகுதியில் வாழும் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர் மக்களின் தலைவர் ரெபியா காதிரைப் பற்றிய ஆவணப்படத்தைச் சேர்த்தபோது சீனத் துணைத் தூதரகம் அதை நீக்கச் சொன்னது. விழா மறுத்தது. ஜியா ஜாங்க உள்ளிட்ட சீன இயக்குநர்கள் தங்கள் படங்களை விலக்கிக்கொண்டார்கள். விழாவின் இணையதளத்தை ஹேக் செய்தார்கள். விழா பின்வாங்கவில்லை; கூட்டம் அதிகமானதால் நகர மண்டபத்துக்கு மாற்றி அந்தப் படத்தைக் காட்டினார்கள். 2025 நவம்பரில் நியூயார்க்கில் நடந்தது இதைவிட மோசம். முன்பு பெய்ஜிங்கில் சுயாதீன விழாக்களை நடத்திய ஜூ ரிகுன், அமெரிக்காவில் 'இண்டிசைனா' என்ற பெயரில் புதிய விழா ஒன்றை ஏற்பாடு செய்தார். இந்த முறை அழுத்தம் நியூயார்க்குக்கு வரவில்லை. சீனாவில் இருக்கும் இயக்குநர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் நெருக்கடி கொடுக்கப்பட்டது. படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கிக்கொள்ளப்பட, தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது விழாவையே நிறுத்திவைத்தார். மெல்போர்ன் மாதிரி ஒரு விழா உறுதியாக நிற்கலாம், அது அதன் கையில் இருக்கிறது. ஊரில் இருக்கும் அப்பாவின் வீட்டுக் கதவை யாரோ தட்டும்போது ஒரு இயக்குநர் என்ன செய்வார்?

ஹாங்காங், தைவான் விழாக்கள் இப்போது பல இடங்களில் தனித்தனியாக நடப்பதற்கு இந்த நெருக்கடியும் ஒரு காரணம். ஹாங்காங்கில் 2021 அக்டோபரில் தணிக்கைச் சட்டத்தில் தேசியப் பாதுகாப்புப் பிரிவு சேர்ந்தது. மறு ஆண்டே பிரிட்டனில், அங்கே குடியேறிய ஹாங்காங்காரர்களை நம்பி ஒரு ஹாங்காங் திரைப்பட விழா தொடங்கியது. சுவரொட்டியில் 'சீன மொழிப் படங்கள்' என்றிருக்கிறதா, 'சீனப் படங்கள்' என்றிருக்கிறதா, தைவான் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்பாட்டாளர் யார் என்று பெரும்பாலும் அதிலேயே தெரிந்துவிடும்.

போகும்போது சில நடைமுறை விஷயங்கள். சீனப் படங்களில் சீன எழுத்திலேயே வசன வரிகள் இருக்கும், பல படங்களில் ஆங்கிலமும் கூடவே இருக்கும். அதனால் இத்தாலிய மொழி சரளமாக வராவிட்டாலும் சமாளிக்கலாம். டிக்கெட் எடுப்பதற்கு முன் அந்தப் பக்கத்தில் ஆங்கில வசன வரி உண்டா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திரையிடலுக்குப் பின் இயக்குநரோடு கேள்வி-பதில் இருந்தால் கடைசிவரை இருங்கள். அனுமதி பெற்ற படத்தின் இயக்குநரிடம் தணிக்கையைப் பற்றி மேடையில் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம். அவர் சொல்லும் பதில் ஊருக்குப் போய்ச் சேரும். எடுத்த விதம், நடிகர்கள், இடம் இவற்றைக் கேட்டால் அவரே சொல்லக்கூடியதைச் சொல்வார். சுயாதீனப் பட விழாக்களில் அரங்கில் இருப்பவர்களைப் போட்டோ எடுத்து இணையத்தில் போடவே கூடாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் சீன மாணவி விடுமுறைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவள்.